கடல் அறிக்கை கரையில்லாத ஊருக்கும்தான்

(மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





ஐப்பசி பிறந்துவிட்டால் செய்திகளில் ஓர் அறிவிப்பு அடிக்கடி வரும். குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் அங்கே செல்ல வேண்டாம் என்பார்கள். அதைக் கேட்டதும் நம்மில் பலர் சேனலை மாற்றிவிடுகிறோம். நம் விருதுநகர் மாவட்டத்துக்கு ஓர் அடி கடற்கரைகூடக் கிடையாது, நமக்கென்ன என்று நினைக்கிறோம். அந்த அறிவிப்பு சாத்தூருக்கும் சிவகாசிக்கும்கூட உரியது என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. வங்கக்கடலின் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. ஆகவே நம் கண்மாய்க்கு வரும் தண்ணீரின் முதல் செய்தி கடலில்தான் இருக்கிறது. 'மான்சூன்' என்ற சொல்லே, பருவம் என்று பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. அரபு மாலுமிகளும், காயல்பட்டினம், கீழக்கரை மரக்காயர்களும் இந்தக் காற்றின் கணக்கை அறிந்தே பாய் விரித்தார்கள். கடலைப் படிப்பது நம் முன்னோர் போற்றிய ஓர் இல்மு.

அதே காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை கடந்தது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. நம் விருதுநகர் வழியாகச் சென்னைக்குப் போகும் செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளுடன் வெள்ளத்தில் சிக்கி நின்றது. செய்துங்கநல்லூரில் ஒரு பள்ளிவாசல், வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்குப் பல நாள் தங்க இடமும் உணவும் தந்ததைச் செய்திகளில் படித்தோம்.

இவ்வளவையும் செய்தது எந்தப் புயல்? எந்தப் புயலும் இல்லை. குமரிக்கடலையொட்டி நிலவிய ஒரு வளிமண்டலச் சுழற்சிதான். அதற்குப் பெயர்கூடக் கிடையாது.

இங்கேதான் நாம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று வானிலைத் துறை படிப்படியாகச் சொல்கிறது அல்லவா? அந்தப் படிகள் காற்றின் வேகத்தை அளப்பவை; மழையை அளப்பவை அல்ல. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். மழைக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் என்றால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. அதி கனமழைக்கு மேல் எல்லை கிடையாது. 21 சென்டிமீட்டரும் அதுதான், 95 சென்டிமீட்டரும் அதுதான். ஆகவே புயலுக்குப் பெயர் வைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார்.

அடுத்து ஒக்கி. 2017 நவம்பர் 29 அன்று இலங்கை அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே குமரிக்கடலில் புயலாகிவிட்டது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வழியில்லை. செல்போன் சிக்னல் அவ்வளவு தூரம் எட்டாது. எத்தனையோ குடும்பங்கள் இன்றும் அந்த இழப்பைச் சுமக்கின்றன. எச்சரிக்கை கொடுப்பது ஒன்று, அது உரியவரிடம் போய்ச் சேருவது வேறொன்று. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் அதன் பிறகுதான் வந்தன.

இது நமக்கு எப்படிப் பொருந்தும்? பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அது மிகவும் சரியான விதி. ஆனால் அறைக்குள் உட்கார்ந்து மருந்து செலுத்தும் நம் சகோதரரும், திரி வேலை செய்யும் சகோதரியும் அந்த நேரத்தில் நடுக்கடல் மீனவரைப் போலத்தான். வானத்தில் என்ன வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. காய வைத்த சரக்கு நனைந்தால் நஷ்டத்தோடு போகும். மருந்துக் கலவையில் ஈரம் பட்டால் அலுமினியப் பொடி சூடேறும். மின்னல் விழுந்தால் உயிரே போகும்.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

முதலாவது, ஆலைகளில் போர்மேன், கணக்கர் பொறுப்பில் இருக்கும் நம் சகோதரர்கள் கவனியுங்கள். வானிலைத் துறையின் 'மௌசம்' செயலியும், மின்னலுக்கென்றே உள்ள 'தாமினி' செயலியும் வாசல் அலுவலகத்தில் ஒருவர் கையில் இருக்கட்டும். தாமினி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் அபாயம் இருந்தால் சொல்லிவிடும். சொன்னதும் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்புங்கள். ஒரு நாள் கூலி போனால் அடுத்த நாள் சம்பாதிக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஓர் இளைஞர் தினமும் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பார்த்து, அஸருக்குப் பின் அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய வீடியோவை யாரும் எழுத வேண்டாம்.

மூன்றாவது, பெருநாள் விடுமுறைக்குக் கடற்கரை போகும் குடும்பங்களுக்கு. வானம் தெளிவாக இருந்தாலும் கடல் சீறலாம். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பெருங்கடலில் எழும் அலை, நம் கரைக்குச் சத்தமில்லாமல் வந்து மோதும். 'கள்ளக்கடல்' என்பார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இத்தகைய அலைகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. புறப்படும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இருந்தால் பிள்ளைகளின் கால்கூட அலையில் படக் கூடாது.

ஆபத்து நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. மாநில எண் 1070. வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

முன்னெச்சரிக்கை தவக்குலுக்கு எதிரானது அல்ல. நம்மால் ஆனதைச் செய்துவிட்டு, மீதியை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். இந்த மழைக்காலத்தை ரஹ்மத்தான மழைக்காலமாக, கடலோர மக்களுக்கும் நமக்கும், எல்லாச் சமுதாயத்தாருக்கும் அவன் ஆக்கித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.