முதல் இடம் வாடகைக்கு இல்லை

2010-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். அமெரிக்காவில் பண்டிகை வியாபாரம் சூடுபிடித்திருக்கும் நேரம். கூகுளில் பெண்களுக்கான உடை என்று தேடினாலும், படுக்கை விரிப்பு என்று தேடினாலும், தரைவிரிப்பு என்று தேடினாலும், முதலில் வந்து நின்றது ஒரே கடைதான். பெயர் ஜே.சி. பென்னி. ‘சாம்சொனைட்’ கைப்பெட்டி என்று தேடினால், அந்தப் பெட்டியைச் செய்கிற நிறுவனத்தின் தளத்துக்கும் முன்னால் இந்தக் கடை!

‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழுக்குச் சந்தேகம் வந்தது. ஆள் வைத்துத் துருவினார்கள். நாய் வளர்ப்பு, குறட்டை, பல் மருத்துவம் என்று உடைக்கும் துணிக்கும் ஒட்டோ உறவோ இல்லாத ஆயிரக்கணக்கான இணையப் பக்கங்களில், ‘உடைகள் வாங்க இங்கே போங்கள்’ என்கிற பாணியில் பென்னியின் தளத்துக்கு இணைப்புகள் செருகப்பட்டிருந்தன. தகவல் கூகுளுக்குப் போனது. 2011 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்குக் கைப்பெட்டித் தேடலில் முதல் இடத்தில் இருந்த கடை, ஒன்பது மணிக்கு எழுபத்தொன்றாவது இடத்தில் கிடந்தது. எங்களுக்கு எதுவும் தெரியாது என்றது பென்னி. தரவரிசை வேலைக்கு அமர்த்தியிருந்த நிறுவனத்தையும் நிறுத்திவிட்டது.

குறட்டை பற்றிய பக்கத்தில் இருக்கும் இணைப்புக்கு ஏன் இவ்வளவு செல்வாக்கு? அதற்குக் கூகுளின் பிறப்பைச் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் அடிப்படை எளிமையானது. ஒரு பக்கத்தை மற்றவர்கள் எத்தனை பேர் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார். ஊரில் வைத்தியரை விசாரிப்பது மாதிரிதான். பத்துப் பேர் சொல்வதைவிட, பலரும் மதிக்கிற ஒருவர் சொல்வதற்கு எடை அதிகம். இந்தப் பரிந்துரையைத்தான் பென்னிக்காக யாரோ காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். இன்றைக்குக் கூகுள் இன்னும் பல விஷயங்களைப் பார்க்கிறது. ஆனால் அந்தப் பழைய கேள்வியை அது விடவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குப் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையதளமும் இருக்கிறது. திறந்ததும் என்ன வருகிறது? ‘எங்கள் பாரம்பரியம், எங்கள் தரம், எங்கள் சேவை.’ தாத்தாவின் படம். விளக்கு வாங்க வருகிறவர் தேடுவது தாத்தாவையா? மகள் கல்யாணச் சீருக்கு மூன்றடி விளக்கு எத்தனை கிலோ இருக்கும், என்ன விலை, மரை கழற்றிப் பகுதி பகுதியாக லண்டனுக்கு அனுப்ப முடியுமா, புளி போட்டுத் துலக்கலாமா என்றுதான் தேடுகிறார். கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் இந்தக் கேள்விகளுக்குத் தினமும் பத்துத் தடவை வாயால் பதில் சொல்கிறார். அந்தப் பதில் ஒன்றுகூட தளத்தில் இல்லை. அப்படியே ஏதாவது இருந்தாலும், விலைப்பட்டியலைப் படமாக எடுத்து ஒட்டியிருப்பார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படித்துவிடும் என்று நம்பி உட்காரக் கூடாது. எழுத்தாகவே அடித்துப் போடுங்கள். பக்கத்தின் தலைப்பில் ‘முகப்பு’ என்று இருந்தால் அதை எடுத்துவிட்டு, விளக்கின் பெயரையும் ஊரின் பெயரையும் போடுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து அப்படியே ஏற்றிவிடுவார்கள். திரையில் நமக்கு ‘அம்மா’ என்று தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அம்மாவைத் தேடுகிறவனுக்கு அந்தப் பக்கம் எப்படிக் கிடைக்கும்? ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு மாற்றுவதே பாதி வேலை. கூடவே, ‘குத்துவிளக்கு’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறவர்களும் நிறைய. அவர்களுக்காக அந்த எழுத்திலும் ஓரிடத்தில் இருக்கட்டும். ஒரே சொல்லை நாற்பது தடவை திணிக்க வேண்டாம். படிக்கிறவருக்கும் எரிச்சல், கூகுளுக்கும் ஆகாது.

அப்புறம் கைப்பேசி. 2015-லிருந்தே, கைப்பேசியில் சரியாகத் திறக்கும் பக்கங்களுக்குக் கைப்பேசித் தேடலில் கூகுள் சலுகை தருகிறது. உங்கள் கடைப் பக்கத்தை பஸ்ஸில் போகும்போது உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள். தஞ்சாவூர் வருவதற்குள் திறக்கவில்லை என்றால், கனமான படங்களைச் சுருக்கச் சொல்லுங்கள். கூகுள் வரைபடத்தில் கடையின் இடம், நேரம், தொலைபேசி எண் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அதற்குக் காசில்லை. எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று காட்டும் ‘சர்ச் கன்சோல்’ கருவிக்கும் காசில்லை.

மிச்சம் இருப்பது, முதலில் சொன்ன அந்தப் பரிந்துரை. அதை எப்படிச் சம்பாதிப்பது? மண் அச்சில் பித்தளை வார்ப்பதைப் பார்க்க ஒரு கல்லூரிப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள். பயணக் கட்டுரை எழுதுகிறவர் வந்தால் அன்னம் செதுக்குவதைப் படம் எடுக்கட்டும். அவர்கள் எழுதும்போது உங்கள் தளத்தைச் சுட்டினால், அந்த ஓர் இணைப்பு குறட்டைப் பக்கங்களின் ஆயிரம் இணைப்புகளுக்கு மேல். நாளாகும்தான். இந்த வேலைகளுக்கெல்லாம் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பது கூகுளே சொல்லும் கணக்கு. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொல்கிறது.

ஆனாலும் உங்களுக்குப் போன் வரும். “சார், ஒரே மாசத்துல முதல் இடம், கேரண்டி!” பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரும். திட்ட வேண்டாம். எந்தெந்தத் தளங்களிலிருந்து எனக்கு இணைப்பு வாங்கித் தருவீர்கள், பட்டியல் அனுப்புங்கள் என்று மட்டும் கேளுங்கள்.