வரப்பில் தனியே நிற்பவர்
(பொன்விழா மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கோவிலின் வளர்ச்சியைப் பற்றிப் பலரும் பேசினார்கள். நம் உழவர் குடும்பங்களில் மெல்லப் புகுந்துவிட்ட ஒரு துன்பத்தைப் பற்றி நான் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அதுதான் தனிமை.

முன்பெல்லாம் இந்தக் காவிரிப் பாசனப் பகுதியில் நடவும் அறுப்பும் பலர் கூடிச் செய்யும் வேலைகள். ஒருவர் முகம் வாடியிருந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். இன்று அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போகிறது. ஆள் கிடைக்காத காலத்தில் அது உதவிதான். பிள்ளைகளோ திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். மேட்டூர்த் தண்ணீர், நகைக்கடன் வட்டி, மழையில் நனைந்த நெல், இவற்றையெல்லாம் வரப்பில் நின்று தகப்பன் தனக்குள்ளேயே கணக்குப் பார்க்கிறார். அடுப்படியில் தாயும் அதே கணக்கைப் பார்க்கிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். இறைவாக்கினர் எலியா சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, தமக்குச் சாவு வரவேண்டுமென்று மன்றாடினார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டதென்று பிரசங்கம் செய்யவுமில்லை. தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்து உண்ணச் சொன்னார். பின்னர் ஆண்டவர் அவருக்குத் துணையாக எலிசாவைக் காட்டினார். அவரும் ஏர் உழுதுகொண்டிருந்தவரே!

மனச்சோர்வு பாவமல்ல, கோழைத்தனமுமல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பின்றி ஒருவர் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பூச்சிமருந்தைப் பூட்டி வைத்துச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். கொடிய எண்ணம் வரும் வேகம் பெரும்பாலும் தணிந்துவிடக் கூடியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாதிருப்பதே உயிரைக் காக்கும்.

தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டவர்களின் வீட்டை ஒதுக்காதீர்கள். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், அறிந்தே அவ்வாறு செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. நம் நாவில் மட்டும் அது ஏன் இன்னும் இருக்க வேண்டும்?

அன்பியத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. ஞாயிறு பூசையில் வழக்கமாக வருபவரைக் காணோமென்றால், அன்று மாலையே அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். அறிவுரை பிறகு இருக்கட்டும், "சாப்பிட்டீர்களா?" என்று முதலில் கேளுங்கள். அவர் பேசும்வரை காத்திருங்கள்.

ஆண்டவர் நம் இல்லங்களையும் வயல்களையும் ஆசீர்வதிப்பாராக!