கோயிலும் நந்தவனமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

கராச்சர்மா வாழ் தமிழன்பர்களே!

ஐப்பசியும் கார்த்திகையும் நம் முன்னோர் கூதிர் காலம் என வகுத்த திங்கள்கள். அக்காலத்தில் விடுமுறை பெற்றுத் தாயகம் செல்வோர், உறவினர் இல்லங்களோடு நின்றுவிடாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒருமுறை சென்று வருமாறு வேண்டுகின்றேன். மழையில் நனைந்த மேற்குத் தொடர்ச்சி மலை பசுமை பூண்டு நிற்க, அதன் அடிவாரத்தை அடுத்து அமைந்த அமைதியான ஊர் அது.

அங்குள்ள பதினொரு நிலைக் கோபுரத்தைக் கண்டு வியந்து திரும்புவோர் பலர். அருகிலுள்ள நந்தவனத்தில் சற்றே நிற்போர் சிலரே. பெரியாழ்வார் மாலை கட்டும் தொண்டு பூண்டு வாழ்ந்ததும், துளசியின் அடியில் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்ததும் அவ்விடத்தே என்பர். பன்னிரு ஆழ்வாருள் ஒரே பெண்மணியை நமக்கு அளித்தது ஒரு தோட்டம்! இன்றும் ஆண்டாளின் கைக்கிளி நாள்தோறும் பச்சிலைகளால் புதிதாகச் செய்யப்படுகின்றது. மாதுளம்பூவே அதன் மூக்கு. அவள் சூடிய மாலை புரட்டாசியில் திருமலைக் கருட சேவைக்கும், சித்திரையில் மதுரை வரும் கள்ளழகருக்கும் செல்கின்றது.

ஜப்பான் நாட்டை நாம் 1942 முதல் 1945 வரை இத்தீவுகளை அடக்கியாண்ட படையின் வாயிலாகவே பெரிதும் அறிவோம். அந்நாட்டிற்கு வேறொரு முகமும் உண்டு. அங்கே ஷிமானே என்னும் அமைதியான மாநிலத்தில் இசுமோ பெருங்கோயில் உள்ளது. பழைய நாட்காட்டியின் பத்தாந் திங்களில் நாட்டுத் தெய்வங்கள் யாவும் அங்கே கூடும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அதே மாநிலத்தில் 1970-ல் திறக்கப்பெற்ற அடாச்சி கலைக்கூடத்தின் தோட்டம் உலகப் புகழ் பெற்றது. காண வருவோர் அதனுள் கால் வைப்பதில்லை. சாளரத்தின் வழியே ஓவியம்போல் கண்டு மகிழ்வர்.

நம் நந்தவனமோ காட்சிக்காக அமைந்ததன்று, கொடுப்பதற்காக அமைந்தது. விடியலில் பூத்தது பொழுது ஏறுமுன் இறைவன் தோளை அடைந்துவிடும். நாளும் பூத்து நாளும் வெறுமையாகும் தோட்டம் அது. ஆகவே அதற்கு நாளும் கைகள் வேண்டும். திருப்புகலூர் முருக நாயனார் கோட்டுப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ, நிலப்பூ என நால்வகை மலர்களையும் விடியுமுன் கொய்து வெவ்வேறு கூடைகளில் சேர்த்தார் எனப் பெரியபுராணம் கூறும். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நந்தவனத்திற்கு நிலம் விட்டதோடு, அதனைப் பேணுவோரின் வாழ்வுக்கும் வழி வகுத்தமையைக் காட்டுகின்றன. கைகள் அகன்றால் தோட்டம் புதராகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அன்பர்களே! கடல் கடந்து வந்த நாம் கோயில் எழுப்புகின்றோம், விழா எடுக்கின்றோம், மாலையை மட்டும் விலைக்கு வாங்குகின்றோம். காசு கொடுத்தால் மாலை வரும், தொண்டு வருமா? நம் பிள்ளைகள் நந்தியாவட்டையையும் அரளியையும் எதனைக் கொண்டு பிரித்தறிவர்? பூவின் பெயர் மறந்த நாவில் தமிழின் பெரும்பகுதி மறைந்துபோகும்.

மழை மிகுந்த இத்தீவில் மண்ணுக்கு வளம் குறைவில்லை. கோயில் மதிலோரம் நான்கு பாத்திகள் போதும்: துளசி, செம்பருத்தி, நந்தியாவட்டை, ஒரு பவழமல்லி. வாரம் ஒரு குடும்பம் நீர் வார்க்கட்டும்; சிறுவர் பூக்கொய்யட்டும்; மூதாட்டியர் தொடுக்கக் கற்றுக்கொடுக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் இறைவனுக்குச் சாத்தும் மாலை நம் கைகளால் வளர்ந்ததாக இருக்கட்டும் என்று கேட்டு அமைகின்றேன்.