முதலில் சமன், பிறகு அமுக்கம்

திருமங்கலத்திலிருந்து காரில் வரும்போது அம்மாவுக்காக 'தில்லானா மோகனாம்பாள்' (1968) நாதஸ்வரம் போட்டேன். வாசிச்சது நம்ம மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். மெல்லிய இடங்கள் இஞ்சின் சத்தத்தில் அமுங்கிப் போச்சு. "என்னப்பா, நின்னுபோச்சா?" என்றார் அம்மா. வால்யூமைக் கூட்டினேன், அடுத்து வந்த புதுப்பாட்டு காதைப் பிளந்தது.

இரண்டும் வெவ்வேறு கோளாறு. பாட்டுக்குப் பாட்டு உள்ள வித்தியாசத்துக்கு 2001-இல் 'ரீப்ளேகெயின்' என்ற முறை வந்தது. முழுப் பாட்டையும் ஒரே அளவில் ஏற்றும் அல்லது இறக்கும். பாட்டுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது கம்ப்ரஷன். சேர்த்தே போடலாம், ஆனால் சமன்தான் முதலில். எந்தப் பாட்டுக்கும் கம்ப்ரஸரின் வரம்பு ஒன்றே. வரிசை மாறினால் சத்தமான பாட்டை நசுக்கும், மெல்லியதைத் தொடாது.

மாற்றி வைத்தேன். மறுநாள் அம்மா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக் கூடத்தில் மட்டும் கம்ப்ரஷனை அணைச்சிடுவேன். அங்கே மெல்லிய இடம் மெல்லிசாவே வேணும்.