காலண்டருக்குள் ஒரு கணக்கு

வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் இருக்கிறதா? 3 வரிசை, 3 பத்தி என ஒரு கட்டம் பிடியுங்கள். 8, 9, 10. அதன் கீழே 15, 16, 17. அடுத்து 22, 23, 24. கூட்டுத்தொகை தெரிய ஒன்பது எண்களையும் கூட்ட வேண்டாம். நடுவில் நிற்கும் 16-ஐ ஒன்பதால் பெருக்குங்கள். 144. கூட்டினாலும் அதேதான்! எந்த மாதத்திலும் பலிக்கும்.

இப்படிக் காலண்டரை வைத்தே கணக்கு விளையாட்டுகளைப் புத்தகமாக எழுதியவர் பி.கே. சீனிவாசன். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர். கணக்கென்றாலே காய்ச்சல் வரும் பிள்ளைகளுக்கு இவரைப் போன்ற வாத்தியார்தான் மருந்து.

வகுப்புக்கு வெளியே அவருக்கு ஒரே பித்து, கணித மேதை ராமானுஜன். அந்த மேதையின் கடிதங்களையும், அவருடன் பழகியவர்களின் நினைவுகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். அவை 1968-இல் நூலாக வந்தன. பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய வேலை. செய்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே பிள்ளைகள் கணக்கைக் கையால் தொட்டே பழகினார்கள்.