இடப் பெயர்களை ஏட்டில் ஏற்றுவோம்

(மாக் மண்டின் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று வேறொரு சொத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச அனுமதி வேண்டுகிறேன். அது நம் வாயில் மட்டுமே இருக்கும் சொத்து. நாம் இடங்களுக்கு இட்டு வழங்கும் பெயர்களைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பாட்டியம்மாள் மனு எழுத என்னிடம் வந்தார். பிறந்த இடம் கேட்டேன். "ஆத்தோரத்துப் பழைய லயம், தம்பி" என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தேன். அப்படியோர் இடமே இல்லையென்று அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். தோட்டம் துண்டாடப்பட்டது, லயம் இடிந்தது, உடன் வாழ்ந்தவர்கள் நாலா திசையும் போய்விட்டார்கள். மூன்று மாதம் அலைந்து, அந்த லயத்தில் வாழ்ந்த இருவரைத் தேடிப் பிடித்துச் சத்தியக் கடுதாசி வாங்கிக் கொடுத்தோம். அந்த அம்மாள் அங்கே பிறந்தது பொய்யா, தோழர்களே? பெயர் ஏட்டில் ஏறவில்லை. குற்றம் அவ்வளவுதான்.

துரைமார் பெயருக்கு ஏடு உண்டு. 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து கும்பினியார் பெற்ற இக்கரை நிலத்துக்கு வெல்லஸ்லி பிரபுவின் பெயரை வைத்தார்கள். பட்டர்வொர்த் என்பது 1843 முதல் 1855 வரை கவர்னராக இருந்தவர் பெயர். ஆனால் மலாய்க்காரர் இவ்வூரைப் பாகான், அதாவது படகுத்துறை என்கிறார்கள். சீனர் வடகடல் என்று பொருள்படச் சொல்கிறார்கள். அக்கரையில் நம்மவர் அருவி விழும் மலையைத் தண்ணீர்மலை என்றார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டைக் கடைத்தெரு என்றார்கள். உழைப்பவன் வைத்த பெயர் அங்கே என்ன இருக்கிறது, எதற்குப் போவது என்று சொல்லிவிடும்.

சிங்கப்பூரில் ஹாட்டன் என்ற ஆங்கிலேயர், தெருக்களுக்குப் பொதுமக்கள் வழங்கிய பெயர்களைத் தொகுத்து 1891-இல் அச்சிட்டார். அங்கே கிராஸ் ஸ்திரீட்டுக்கு நம்மவர் பால்கடைச் சடக்கு என்று பெயர் சொன்னதை இன்று நாம் அறிவது இத்தகைய தொகுப்புகளால்தான். ஒரு துரை செய்ததை நாம் செய்ய முடியாதா?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஐந்து கலம் போடுங்கள். முதலில் பெயர். அடுத்து அதே இடத்தின் அரசாங்கப் பெயரும் மலாய், சீனப் பெயர்களும். மூன்றாவது அடையாளம்: எந்தப் பாலத்துக்கு, எந்தக் கோயிலுக்கு எவ்வளவு தூரம். நான்காவது, முன்பு அங்கே என்ன இருந்தது. ஐந்தாவது, சொன்னவர் பெயர், வயது, தேதி.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. நமக்குத் திருத்தும் கை அதிகம்! ஒருவர் பெரட்டுக்களம் என்றால் பெரட்டுக்களம் என்றே எழுதுங்கள். இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். மலாய் மீனவரிடமும் சீனக் கடைக்காரரிடமும் கேளுங்கள். மாக் என்றால் மலாயில் அம்மா. இந்த மாக் மண்டினுக்கு அப்பெயர் வந்த கதையை வயதான மலாய்ப் பெரியவர் வாயால் கேட்டு எழுதுங்கள். இன்று இங்கே தொழிற்சாலைகள் நிற்கின்றன. நம் பிள்ளைகள் கம்பெனிப் பெயரை வைத்தே வழி சொல்கிறார்கள்.

எழுதியதை இரண்டு படி எடுங்கள். ஒன்று சங்கத்தில் இருக்கட்டும். மற்றொன்று தமிழ்ப் பள்ளியில் இருக்கட்டும்.

மழையால் இன்று வெட்டாத மரத்தை நாளை வெட்டலாம். ஒரு பெரியவர் கண்மூடிவிட்டால், அவர் சொல்லாமல் விட்ட பெயரை யார் சொல்வார்? இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவரிடமிருந்து தொடங்குங்கள்.