செஞ்சி அரண்மனையின் நீரும் நம் ஆலயக் கிணறும்

(பொன்விழாத் தொடக்க நாளன்று நம் பங்குக் குரு ஆற்றிய உரை)



பொன்விழா நினைவாக நம் ஆலய வளாகத்தில் ஒரு பூங்கா அமைக்க வேண்டும் என்று விழாக் குழுவினர் விரும்பினர். இடையூறாக உள்ள பழைய கிணற்றைத் தூர்த்து, அதன்மேல் புல்தரை போடலாம் என்றும் முடிவு செய்தனர். நாமும் அதிகம் யோசியாமல் சம்மதம் தந்துவிட்டோம். அதன் பின்னர், சென்ற மாதம், இளைஞர்களுடன் செஞ்சிக் கோட்டைக்குச் சென்று வந்தோம். அன்று முதல் நம் மனம் ஒரு நிலையில் இல்லை. அதன் காரணத்தை இன்று உங்கள் முன் சொல்லிவிடுகிறோம்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சி இருப்பதை நீங்கள் அறிவீர்கள். செஞ்சி என்றதும் 1714-ஆம் ஆண்டில் போரில் மடிந்த தேசிங்கு ராஜனும் அவனது குதிரையுமே நம் நினைவுக்கு வருவது வழக்கம். ஆனால் நாம் இன்று பேச விழைவது ராஜகிரி மலையின் அடிவாரத்தில் உள்ள அரண்மனை வளாகத்தைப் பற்றியாகும்.

1597-ஆம் ஆண்டில், கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலத்தில், இயேசு சபைக் குருவான நிக்கோலாஸ் பிமெந்தா என்பவர் இந்நகருக்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரியது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுக்கல் நாட்டிலும் இத்துணைப் பெரிய நகர் இல்லை என்றும் அவர் எழுதி வைத்தார். அந்த நகரம் இன்று எங்கே? அரண்மனை இருந்த இடத்தில் அடித்தளக் கற்களே எஞ்சியுள்ளன.

நாங்கள் சென்றபோது வளாகத்தில் பசும்புல் விரிந்திருந்தது. ஓர் இளைஞர், "சாமி, ராஜாவின் தோட்டம் எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்றார். அந்தப் புல்தரை ராஜா போட்டதன்று. நம் காலத்தில் தொல்லியல் துறையினர் வளர்த்தது. அவ்வாறாயின் பழைமை மாறாமல் நிற்பது எது என்று தேடினோம். யானைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம், அரசர் நீராடியதாகச் சொல்லப்படும் பெரிய வழுவழுப்பான கற்பலகை, மலைமேல் சுனைகள் எனக் கண்டவற்றில் பெரும்பாலானவை நீரைச் சார்ந்தவையே!

கல்யாண மகாலைப் பாருங்கள். நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றத்தில், கூம்பிய கூரையுடன் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் மாடம் அது. மதிலுக்கு வெளியே ஏறத்தாழ 500 கஜம் தள்ளியிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து, சுட்ட மண் குழாய்களின் வழியாக, அதன் மேல் நிலைகளுக்கு நீர் கொண்டுவரப்பட்டது. உயரத்திலிருந்து குழாய்க்குள் அடைபட்டு வரும் நீர், தான் புறப்பட்ட மட்டம் வரை மீண்டும் ஏறும் என்பது நம் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடந்தானே? மின்சாரமும் யந்திரமும் இல்லாத காலத்தில் அந்தப் பாடத்தைக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

அக்கோட்டையைக் கைப்பற்றியோர் பலர். 1649-இல் பீஜப்பூர்ப் படை, 1677-இல் சிவாஜி, ஏறத்தாழ எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பின் 1698-இல் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கியதற்கு மலையின் உயரம் மட்டுமா காரணம்? உள்ளே குடிக்க நீர் இல்லையேல் எட்டு மாதமும் தாங்கியிருக்காது. புதுவைக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்பர். தூண்களை வண்டியில் ஏற்றலாம்; குளத்தை ஏற்ற முடியாது. அது வெட்டிய இடத்திலேயே இருந்து, ஆள்வோர் யாராயினும் அவர்களுக்கு நீர் தந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூலையில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சியும் உலக மரபுச் சின்னமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து அவ்வரிசையில் சேர்ந்தது இது ஒன்றே.

இனி நம் கிணற்றுக்கு வருவோம். ஆலயம் எழுந்தபோது சுண்ணாம்பு குழைக்கவும், வேலையாட்கள் குடிக்கவும் நீர் தந்தது இக்கிணறே என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று அதில் குப்பை கிடக்கிறது, கொசு மொய்க்கிறது. சிறுபிள்ளைகள் தவறி விழுந்துவிடுவார்களோ என்று தாய்மார்கள் அஞ்சுவதும் நியாயமே. குழுவினர் மீது நமக்குக் குறை இல்லை, பிழை நம்முடையது. பூங்கா வைக்க விரும்பிய நாம், அந்தப் பூங்கா குடிக்கவேண்டிய நீரையல்லவா மூடத் துணிந்தோம்! இன்றைய புல்லும் பூவும் ஐம்பது ஆண்டு கழித்து இராது. கிணறு இருந்தால், அன்று வருபவர்கள் தங்கள் விருப்பம் போல் வேறு தோட்டம் போட்டுக்கொள்வார்கள்.

ஆகவே, நாம் தந்த சம்மதத்தை இன்று உங்கள் முன்னிலையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். கிணற்றைத் தூர் வாருவோம். கைப்பிடிச் சுவரை இடுப்பளவு உயர்த்தி, வாய்க்கு இரும்புக் கம்பி வலை போடுவோம். கொசு நுழையாதபடி அதன்மேல் மெல்லிய வலையும் விரிப்போம். மழைநீர்ச் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. நம் ஆலயக் கூரை நீரோ இன்றும் வீதியில் ஓடுகிறது. அதை மணலில் வடிகட்டிக் கிணற்றுக்குள் விடுவோம். பூங்கா அதைச் சுற்றி அமையட்டும். செலவு சற்றுக் கூடும். விழாப் பந்தலின் அலங்காரத்தைக் குறைத்தால் ஈடு செய்துவிடலாம்.

வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தூர் வாரும் வேலை தொடங்கும். மண்வெட்டியும் கூடையும் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். முதற் கூடையை நாமே சுமப்போம்.